கட்டிப்பிடித்தால் கருணையா? திரையில் வரும் விலங்கு அன்பைப் புரிந்துகொள்ள ஓர் எளிய அறிமுகம்

ஒரு நடிகர் யானைக்குட்டியின் தும்பிக்கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படம், சீரியலில் கதாநாயகன் அடிபட்ட நாயைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற காட்சி, கிணற்றில் விழுந்த பூனையை யாரோ மீட்கிற இரண்டு நிமிட வீடியோ. இதில் ஒன்றையாவது இந்த வாரம் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்ததும் மனசு இளகும். இளகுவதில் ஒரு தப்பும் இல்லை, நல்ல விஷயம்தான். ஆனால் அந்த இளக்கம் எங்கே போய்ச் சேருகிறது, படத்தில் இருந்த அந்த விலங்குக்கு அதனால் என்ன கிடைத்தது என்று கேட்க யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகுவதற்கு ஓர் ஆரம்பப் பாடமாக இதை எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. கேமராவுக்கு நெருக்கம் பிடிக்கும். மனிதரும் விலங்கும் ஒரே ஃபிரேமுக்குள் முகத்தோடு முகம் வைத்து இருந்தால்தான் பார்க்கிறவருக்கு உடனே புரியும், உடனே கண் கலங்கும். அதனால் டிவியும் சினிமாவும் பிரபலங்களின் இன்ஸ்டாகிராம் பக்கங்களும் கருணை என்றாலே தொடுவது, தூக்குவது, ஊட்டுவது, அணைப்பது என்றுதான் காட்டுகின்றன. வீட்டு நாய்க்கும் பூனைக்கும் இது ஓரளவு சரிதான், ஆயிரக்கணக்கான வருடங்களாக மனிதரோடு வாழ்ந்து பழகியவை அவை. காட்டு உயிருக்கு இது அப்படியே தலைகீழ். அதன் காட்டை வெட்டாமல் இருப்பது, அது நடக்கும் வழியில் வேலி போடாமல் இருப்பது, பார்த்தால் தள்ளி நிற்பது, இவைதான் அதற்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவிகள். ஆனால் தள்ளி நிற்பதைப் படம் எடுத்துப் போட்டால் யார் பார்ப்பார்கள்? சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இதை விளக்க 'ஃப்ளிப்பர்' என்ற அமெரிக்கத் தொடரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1963ல் படமாக வந்து, 1964 முதல் 1967 வரை என்பிசி தொலைக்காட்சியில் ஓடியது. ஃப்ளோரிடாவில் கடல் காப்பகம் ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் அப்பா, அவருடைய இரண்டு பையன்கள், அவர்களுக்குத் தோழனாக ஒரு டால்பின். வாரா வாரம் அந்த டால்பின் யாரையாவது காப்பாற்றும், கெட்டவர்களைப் பிடிக்க உதவும், கடைசியில் வாலால் தண்ணீரில் நின்று ஆடும். ஒரு தலைமுறைக் குழந்தைகள் டால்பின் மேல் பாசம் வைத்ததற்கு இந்தத் தொடர் ஒரு முக்கியக் காரணம், அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் ஃப்ளிப்பர் என்று தனியாக ஒரு டால்பின் கிடையாது. அந்த வேடத்தில் பல டால்பின்கள் மாறி மாறி நடித்தன, பெரும்பாலும் பெண் டால்பின்கள். மயாமியில் இருந்த கடல் காட்சிசாலையில் வைத்துப் பழக்கப்பட்டவை. பழக்கியவர் ரிக் ஓ'பாரி. மீனைக் காட்டி வேலை வாங்குவதுதான் அந்தப் பயிற்சி, பாசத்தால் செய்கிறது என்று திரையில் தெரிந்ததெல்லாம் மீனுக்காகச் செய்தது. திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த குழந்தைக்கு இது தெரிய வழியே இல்லை. அது பார்த்ததெல்லாம் டால்பினின் சிரிப்பை.

அந்தச் சிரிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டால்பினின் தாடை அமைப்பே அப்படி, வாயோரம் மேல்நோக்கி வளைந்திருக்கும். நம்மைப் போல முகத்தை மாற்றிக் காட்ட அதற்கு முடியாது. சந்தோஷமாக இருந்தாலும் அதே முகம், வயிற்றில் புண் வந்து துடித்தாலும் அதே முகம், செத்து மிதந்தாலும் அதே முகம். நாம் அதைப் பார்த்து 'எவ்வளவு சந்தோஷமா இருக்கு பாரு' என்கிறோம். நம் முகத்தின் மொழியை வைத்து இன்னொரு உயிரின் முகத்தைப் படிப்பதுதான் திரை நமக்குப் பழக்கிவிட்ட முதல் தவறு. சிம்பன்சி பல்லைக் காட்டினால் அது பெரும்பாலும் பயம் அல்லது பணிவு, விளம்பரப் படத்தில் அதையே சிரிப்பு என்று போட்டு ஓட்டினார்கள்.

சரி, ஃப்ளிப்பர் கதையின் மிச்சம். தொடரில் அதிகம் நடித்த கேத்தி என்ற டால்பின் 1970ல் இறந்துபோனது. தன் கைகளிலேயே அது மூச்சை நிறுத்திக்கொண்டது என்று ஓ'பாரி சொல்லியிருக்கிறார். டால்பினுக்கு மூச்சு நமக்குப் போலத் தன்னால் வந்து போவதில்லை, ஒவ்வொரு முறையும் அது மேலே வந்து, தெரிந்தே எடுக்க வேண்டும். அதனால் கேத்தி செய்தது தற்கொலைதான் என்பது அவருடைய நம்பிக்கை. அது அப்படித்தானா என்று நிரூபிக்க வழியில்லை. ஆனால் அந்த மனிதருக்குள் என்ன நடந்தது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது: சில நாட்களிலேயே பஹாமாஸில் உள்ள பிமினி தீவுக்குப் போய், ஆய்வுக்கூடம் ஒன்றில் அடைத்து வைத்திருந்த டால்பினை விடுவிக்க முயன்று கைதானார். டால்பினைப் பழக்கிப் பேர் வாங்கியவர், அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க டால்பின் காட்சிகளுக்கு எதிராக வேலை செய்தார். 2010ல் ஆஸ்கர் வாங்கிய 'தி கோவ்' ஆவணப்படத்தில், ஜப்பானின் தைஜி என்ற ஊரில் டால்பின்களைக் கடலிலிருந்து துரத்தி வந்து குடாவில் மடக்குவதை உலகம் பார்த்தது. அதில் மையமாக நிற்பவர் இவர்தான்.

தைஜியில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மடக்கியவற்றில் எல்லாவற்றையும் கொல்வதில்லை. இளசாக, தழும்பு இல்லாமல், பார்க்க ஃப்ளிப்பர் மாதிரி இருப்பவற்றைத் தனியாகப் பிரித்துக் காட்சிசாலைகளுக்கு உயிரோடு விற்பார்கள். இறைச்சிக்குக் கிடைப்பதைவிடப் பல மடங்கு பணம் அதில்தான். அதாவது டால்பினைப் பிடித்துக் கொல்லும் தொழிலுக்குப் பணம் தருகிறவர்களில், டால்பின் ஷோவுக்கு டிக்கெட் வாங்கிக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களும் சேர்த்தி. அவர்கள் யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை. டால்பின் மேல் உண்மையாகவே ஆசை உள்ளவர்கள்.

நமக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. 1990களின் பிற்பகுதியில் பல்கேரியாவிலிருந்து சென்னைக்கு டால்பின்களைக் கொண்டுவந்து ஷோ நடத்தினார்கள். வந்த சில மாதங்களிலேயே அவை இறந்துபோயின. பிறகு 2013 மே மாதம், இந்தியாவில் எங்கும் டால்பின் காட்சிசாலை அமைக்க அனுமதி கிடையாது என்று மத்திய அரசு சுற்றறிக்கை விட்டது. கருணை என்று நான் சொல்வது இந்த மாதிரி விஷயத்தைத்தான். பார்க்க ஒன்றுமே இருக்காது, ஒரு தாளில் சில பத்திகள், அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு இங்கே எந்த டால்பினும் நீச்சல் குளத்தில் வந்து இறங்கவில்லை.

அடுத்தது கைக்கோ. திரையின் கருணை எவ்வளவு தூரம் போக முடியும், எங்கே நின்றுவிடும் என்பது இந்த ஒரு திமிங்கிலத்தின் கதையில் முழுசாகத் தெரியும், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

கைக்கோ ஓர் ஆண் ஓர்க்கா, அதாவது கொலைத் திமிங்கிலம் என்று சொல்வார்களே, அது. 1979ல் ஐஸ்லாந்துக் கடலில் குட்டியாக இருந்தபோது பிடித்தார்கள். கனடாவுக்குப் போய், அங்கிருந்து மெக்சிகோ நகரத்தில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்கு விற்கப்பட்டது. கடல் மட்டத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் உயரத்தில் இருக்கிற ஊர் அது, தொட்டியும் சின்னது, தண்ணீரும் வெதுவெதுப்பு. வடகடலின் குளிரில் வாழ வேண்டிய உடம்பில் தோல் நோய் வந்து பரவியது. அந்த நிலைமையில்தான் 'ஃப்ரீ வில்லி' என்ற ஹாலிவுட் படத்தில் அதை நடிக்க வைத்தார்கள். 1993ல் படம் வந்தது. தொட்டியில் அடைபட்ட ஓர்க்கா ஒன்றை ஒரு சிறுவன் கடலுக்குத் தப்பிக்க வைக்கிற கதை. கடைசிக் காட்சியில் அது பாறைகளைத் தாண்டிக் குதித்துக் கடலுக்குப் போகும். தியேட்டரில் குழந்தைகள் கைதட்டினார்கள்.

நடித்த கைக்கோ அதே தொட்டியில்தான் இருந்தது. படம் முடிந்த பிறகு அது எங்கேயும் போகவில்லை.

இந்த விஷயம் பத்திரிகைகளில் வந்ததும் மக்கள் கொதித்துப்போனார்கள். பள்ளிக் குழந்தைகள் உண்டியல் உடைத்துப் பணம் அனுப்பினார்கள், பெரிய பணக்காரர்களும் படத் தயாரிப்பு நிறுவனமும் பணம் போட்டன, இதற்கென்றே ஓர் அறக்கட்டளை உருவானது. 1996ல் விமானத்தில் ஏற்றி அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பெரிய தொட்டி, குளிர்ந்த கடல் நீர், எடை கூடியது, தோல் ஆறியது. 1998ல் ஐஸ்லாந்துக்கே திரும்பக் கொண்டுபோய், கடலில் வலை கட்டி, அதற்குள் விட்டு, மெல்ல மெல்ல வெளியே அழைத்துப் போய்ப் பழக்கினார்கள். உயிருள்ள மீனைத் தானாகப் பிடித்துத் தின்ன அதற்கு மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. 2002 கோடையில் அது கடலைக் கடந்து போய் நார்வேயின் கடற்கழி ஒன்றில் கரை சேர்ந்தது. அங்கே என்ன செய்தது தெரியுமா? மனிதர்களைத் தேடி வந்தது. குழந்தைகள் அதன் முதுகில் ஏறினார்கள், கூட்டம் கூடியது, கடைசியில் கிட்டே போகக் கூடாது என்று அதிகாரிகள் தடை போட வேண்டியதாயிற்று. 2003 டிசம்பரில் நிமோனியா வந்து இறந்தது. மொத்தச் செலவு இரண்டு கோடி டாலருக்கும் மேல்.

இதை வெற்றி என்று சொல்பவர்களும் உண்டு, வீண் என்று சொல்பவர்களும் உண்டு. நான் முதல் பக்கம். மெக்சிகோத் தொட்டியிலேயே கிடந்து சாவதற்குப் பதிலாகக் கடைசி ஐந்து வருடம் கடலிலேயே இருந்தது பெரிய விஷயம், அதைச் செய்த குழந்தைகளை நான் மதிக்கிறேன். ஆனால் காட்டு ஓர்க்காக் கூட்டம் எதோடும் கைக்கோ ஒட்டவே இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. குட்டியில் பிரித்தது பிரித்ததுதான், இரண்டு கோடி டாலராலும் அதைத் திருப்பித் தர முடியவில்லை. அப்புறம், அந்தப் பணமெல்லாம் வந்தது கைக்கோவுக்கு ஒரு பெயரும் முகமும் கதையும் இருந்ததால். அதே காலத்தில் எத்தனையோ தொட்டிகளில் பேர் தெரியாத ஓர்க்காக்கள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன, அவற்றுக்கு யாரும் உண்டியல் உடைக்கவில்லை. திரையின் கருணை எப்போதும் ஒரு தனி உயிரின் மேல்தான் விழும், கூட்டத்தின் மேல் விழாது. புதிதாக இந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பிப்பவர்கள் மனதில் வைக்க வேண்டிய இரண்டாவது அடிப்படை இது.

இதுவரை சொன்னது திரைக்கு முன்னால் நடப்பது. கேமராவுக்குப் பின்னால் நடப்பது வேறு. 1939ல் வந்த ஒரு ஹாலிவுட் கவ்பாய் படத்துக்காகக் குதிரையை உயரமான பாறையிலிருந்து தண்ணீரில் தள்ளினார்கள், குதிரை செத்தது. அந்தக் கோபத்தில்தான் படப்பிடிப்புத் தளங்களில் விலங்குகளைக் கண்காணிக்கும் ஏற்பாடு அமெரிக்காவில் வந்தது, இன்று நாம் படத்தின் முடிவில் பார்க்கிற 'விலங்குகள் எதுவும் துன்புறுத்தப்படவில்லை' என்ற வரியின் வேர் அங்கே இருக்கிறது. புனைகதைப் படங்களில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். டிஸ்னி 1958ல் எடுத்த இயற்கை ஆவணப்படம் ஒன்றில், லெமிங் என்ற எலி போன்ற சிறு பிராணிகள் கூட்டமாகப் பாறையிலிருந்து குதித்துத் தற்கொலை செய்துகொள்வதாகக் காட்டினார்கள். அந்தப் படத்துக்கு ஆஸ்கரும் கிடைத்தது. 1982ல் கனடா தொலைக்காட்சி தோண்டி எடுத்தபோதுதான் உண்மை தெரிந்தது: லெமிங்குகளை வெளியூரிலிருந்து வாங்கி வந்து, சுழலும் மேடையில் பனியைக் கொட்டி ஓட விட்டுப் படம் பிடித்து, கடைசியில் ஆற்றில் தள்ளியிருக்கிறார்கள். லெமிங் தற்கொலை செய்துகொள்ளும் என்று இன்னும் நம்புகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

இந்தியாவில் 2001 விதிகளின்படி, படத்தில் விலங்கைப் பயன்படுத்த விலங்குகள் நல வாரியத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், வாரியத்தின் சான்று இல்லாமல் சென்சார் சர்டிஃபிகேட் கிடைக்காது. புலி, சிங்கம், சிறுத்தை, கரடி, குரங்கு இவற்றைப் பழக்கி வித்தை காட்டவே தடை. அந்த வாரியம் 1962ல் அமைந்தபோது முதல் தலைவர் ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்ராவை உருவாக்கிய அதே ருக்மிணி தேவிதான். மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது விலங்குகள் வதைத் தடுப்புக்காக அவர் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அதன் தொடர்ச்சிதான் 1960ஆம் ஆண்டுச் சட்டம். புகழ் உள்ள ஒரு கலைஞர் விலங்குக்காக என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டால் முதலில் இவரைத்தான் சொல்வேன், ஒரு மான்குட்டியோடு போட்டோ எடுத்துப் போடுவதற்கும் இதற்கும் உள்ள தூரத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். (அந்தச் சட்டம் எழுதிய அபராதம் முதல் குற்றத்துக்கு 10 முதல் 50 ரூபாய். அன்றைக்கு அது ஒரு தொகை. அதை உயர்த்த வேண்டும் என்று கேட்டுக் கேட்டு ஆர்வலர்களுக்கு வாய் வலித்துவிட்டது.)

பிரபலங்களிடம் வருவோம். 2013ல் பாடகி ரிஹானா தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குப் போனபோது, பெரிய கண்களோடு குட்டியாக இருக்கும் ஒரு பிராணி தோளருகே இருக்கிற மாதிரி செல்ஃபி எடுத்துப் போட்டார். அது ஸ்லோ லோரிஸ், நம் ஊர்த் தேவாங்கின் உறவுக்காரப் பிராணி. அதை வைத்துச் சுற்றுலாப் பயணிகளிடம் காசு பார்த்தவர்களைப் போலீஸ் பிடித்தது. அதற்கு நான்கு வருடம் முன்பே இன்னொரு வீடியோ யூட்யூபில் உலகம் சுற்றியிருந்தது: யாரோ ஒருவர் லோரிஸுக்குக் கிச்சுகிச்சு மூட்ட, அது இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சொக்கிப்போய் இருக்கிற மாதிரித் தெரியும். பார்த்தவர்கள் எல்லாம் உருகினார்கள். உண்மையில் லோரிஸ் கையைத் தூக்குவது பயத்தில். அதன் முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு சுரப்பி இருக்கிறது, அதிலிருந்து வருவதை எச்சிலோடு கலந்தால் விஷம். கையைத் தூக்குவது அந்தச் சுரப்பியை வாய்க்கு எட்டும் இடத்துக்குக் கொண்டுவரத்தான். கடித்துவிடப் போகிறேன் என்று அது சொல்வதை நாம் 'இன்னும் கொஞ்சம் சொறி' என்று படித்தோம்.

அந்த வீடியோவுக்குக் கீழே வந்த ஆயிரக்கணக்கான கருத்துகளை ஆய்வாளர்கள் எடுத்துப் படித்து 2013ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 'எனக்கும் ஒன்று வேண்டும்' என்று எழுதியவர்கள் நிறையப் பேர். வேண்டும் என்றால் சந்தையில் கிடைக்கும், காட்டிலிருந்து பிடித்து, கடிக்காமல் இருக்க மயக்க மருந்துகூடக் கொடுக்காமல் பல்லை வெட்டி விற்பார்கள். அந்தப் புண்ணிலேயே பல செத்துப்போகும். இருட்டில் வாழும் பிராணியைப் பகல் வெளிச்சத்திலும் ஃபிளாஷிலும் வைத்திருப்பது தனிக் கொடுமை. 2007லேயே இதன் பன்னாட்டு வணிகம் முற்றாகத் தடை செய்யப்பட்டிருந்தும், ஓர் அழகான வீடியோ அந்தத் தடையைவிட வேகமாகப் பரவியது.

நம் தேவாங்குக்கு வேறு மாதிரி நடந்திருக்கிறது. 2022ல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் தேவாங்கு சரணாலயத்தைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது, தேவாங்குக்கென்று இந்தியாவில் முதல் சரணாலயம். அங்கே போனால் தேவாங்கைத் தூக்கி வைத்துப் படம் எடுக்க முடியாது. பகலில் கண்ணிலேயே படாது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. ஒரு விலங்கு திரையில் வந்தாலே உடனே அதை வாங்கக் கூட்டம் கிளம்பிவிடும் என்று அடித்துச் சொல்ல முடியாது. 2016ல் நீல டாங் மீனை நாயகியாக வைத்து அனிமேஷன் படம் வந்தபோது அப்படித்தான் பயந்தார்கள். பிறகு ஆய்வு செய்து பார்த்ததில், இணையத்தில் அந்த மீனைப் பற்றித் தேடியவர்கள் அதிகரித்திருந்தார்கள், ஆனால் இறக்குமதி கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆசை வந்த பிறகு அதைச் சுலபமாக வாங்க ஒரு கடையும் இருந்தால்தான் ஆபத்து.

அப்படியானால் புகழையும் டிவியையும் வைத்து நல்லது செய்ய முடியாதா? தாராளமாக முடியும். எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் பாப் பார்க்கர். 'தி ப்ரைஸ் இஸ் ரைட்' என்று பொருளின் விலையைச் சரியாகச் சொன்னால் பரிசு தருகிற அமெரிக்க நிகழ்ச்சி, அதை 1972 முதல் 2007 வரை 35 வருடம் நடத்தியவர். விலங்குக்கும் அந்த நிகழ்ச்சிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் 1982லிருந்து ஒவ்வொரு நாளும் நிகழ்ச்சியை முடிக்கும்போது ஒரே வேண்டுகோள்: உங்கள் நாய்க்கும் பூனைக்கும் கருத்தடை செய்யுங்கள். நாய்க்குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அழுததில்லை. ஒரு வாக்கியம், தினமும், கால் நூற்றாண்டு. அவருக்குப் பின்னால் வந்த ட்ரூ கேரியும் அதைத் தொடர்ந்தார்.

அந்த ஒரு வாக்கியம் ஏன் முக்கியம் என்றால், அமெரிக்கக் காப்பகங்களில் இடமில்லாமல் கொல்லப்பட்ட நாய், பூனைகளின் எண்ணிக்கை 1970களில் வருடத்துக்கு ஒரு கோடிக்கும் மேல் என்று மதிப்பிடப்படுகிறது. இன்று அது பத்து லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. இதைப் பார்க்கர் ஒருவர் சாதித்தார் என்று யாரும் சொல்லவில்லை, கருத்தடைதான் இதற்குப் பெரிய காரணம், அதை வீட்டுக்கு வீடு பழக்கமான பேச்சாக மாற்றியதில் அவருக்கும் பங்குண்டு. இன்னொன்று, அவர் தன் தொழிலில் நஷ்டம் பார்த்தும் சொன்னதைச் செய்தார். வருடா வருடம் மிஸ் யுஎஸ்ஏ அழகிப் போட்டியைத் தொகுத்து வழங்கிவந்தவர், பரிசில் விலங்குத் தோல் கோட்டு இருக்கிறது என்பதற்காக அந்த வேலையை விட்டார். பிரபலத்தின் அன்பை அளக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான், அதற்காக அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்று பார்ப்பது.

இந்தக் கருத்தடை விஷயத்தில் சென்னைக்கு ஒரு பெருமை உண்டு. தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு அதே தெருவில் விடும் முறையைச் சென்னையின் ப்ளூ கிராஸ் என்ற விலங்குநல அமைப்பு 1960களிலேயே ஆரம்பித்தது. 1990களில்தான் மாநகராட்சி அதை ஏற்றுக்கொண்டது, 2001ல் நாடு முழுவதற்கும் விதியாக வந்தது. தமிழ்ப் படங்களில் நடித்துப் பேர் வாங்கிய அமலா 1992ல் ஹைதராபாதில் ப்ளூ கிராஸை ஆரம்பித்து நடத்திவருகிறார். கருத்தடை, தடுப்பூசி, அடிபட்ட நாய்க்குக் கட்டு என்று தினசரி வேலை. இதெல்லாம் ட்ரெண்டிங்கில் வராது.

நம் ஊரில் இந்த விஷயம் பெரிதாகப் பேசப்பட்டது 2023 மார்ச்சில். முதுமலை தெப்பக்காடு முகாமில் பொம்மனும் பெள்ளியும் வளர்த்த ரகு என்ற யானைக்குட்டியைப் பற்றிய 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' ஆஸ்கர் வாங்கியது. கார்த்திகி கொன்சால்வெஸ் எடுத்த படம். எனக்கு அந்தப் படத்தில் பிடித்தது, யானையோடு காலமெல்லாம் வாழ்கிற காட்டுநாயக்கர் மக்களின் உழைப்பை நடுவில் வைத்தது. அதன் பிறகு முகாம்களில் வேலை செய்யும் பாகன்களும் அவர்களுக்கு உதவியாளர்களான காவடிகளுமாக 91 பேருக்குத் தலா ஒரு லட்ச ரூபாயும், வீடு கட்ட நிதியும் அரசு அறிவித்தது. ஒரு படத்தால் உண்மையான ஆட்களுக்குக் கிடைத்த உண்மையான பலன் அது. இன்னொரு பக்கம், ரகுவைப் பார்க்க வேண்டும், தொட வேண்டும், கூட நின்று படம் எடுக்க வேண்டும் என்று தெப்பக்காட்டுக்கு வண்டி வண்டியாக ஆட்கள் போனார்கள். படம் பார்த்து வந்த பாசம்தான், சந்தேகமில்லை. ஆனால் யானைக்குட்டி என்றால் மனிதர் மடியில் வளர வேண்டியது என்ற எண்ணம் பார்த்தவர்கள் பலருக்கு வந்துவிட்டது. ரகு முகாமுக்கு வந்தது தாயை இழந்ததால். அது ஒரு துயரத்தின் விளைவு.

தாய் உயிரோடு இருந்தால் செய்ய வேண்டியது வேறு. அதே 2023 டிசம்பரில் ஆனைமலையில் ஒரு குட்டி கூட்டத்தைப் பிரிந்துவிட்டது. வனத்துறை ஆட்கள் ட்ரோன் விட்டுக் கூட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்து, குட்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு விலகிவிட்டார்கள். சில நாள் கழித்து எடுத்த ஒரு படம் வெளிவந்தது, தாயின் மேல் சாய்ந்து குட்டி தூங்குகிறது, மனிதர் ஒருவர்கூட இல்லை. பிரபலங்களின் அத்தனை படங்களையும்விட அதைத்தான் பள்ளிக்கூடங்களில் மாட்ட வேண்டும் என்று சொல்வேன்.

கடைசியாக மீட்பு வீடியோக்கள். இதில் கொஞ்சம் கவனமாக இருங்கள், ஏனென்றால் இப்போது இது ஒரு வியாபாரம். நாய்க்குட்டியை மலைப்பாம்பு சுற்றியிருக்கும், 'தற்செயலாக' வருகிறவர் விடுவிப்பார். பாம்பையும் குட்டியையும் அங்கே கொண்டுவந்து வைத்தவரும் அவர்தான். 2021ல் யூட்யூபே இப்படிச் செட்டப் செய்த மீட்பு வீடியோக்களைத் தடை செய்வதாக அறிவித்தது, ஆனாலும் இன்றைக்கும் எல்லாத் தளங்களிலும் வந்துகொண்டே இருக்கின்றன. விலங்கு ஆபத்தில் சிக்குவதற்கு முன்பே கேமரா அங்கே சரியான கோணத்தில் தயாராக இருக்கிறதா, ஒரே சேனலில் ஒரே மாதிரி ஆபத்து திரும்பத் திரும்ப வருகிறதா, மீட்ட பிறகு மருத்துவரோ காப்பகமோ வனத்துறையோ எங்காவது தலைகாட்டுகிறதா, பணம் அனுப்பச் சொல்லி ஒரு நம்பர் மட்டும் இருக்கிறதா, இவற்றைப் பாருங்கள். சந்தேகம் வந்தால் திட்டிக் கருத்து எழுதுவதுகூட வேண்டாம், அதுவும் அந்த வீடியோவை இன்னும் பத்துப் பேருக்குக் கொண்டுபோகும். புகார் பொத்தானை அழுத்திவிட்டுக் கடந்து போங்கள்.

நேரில் பார்க்கும்போதும் இதே கணக்குதான். தரையில் சிறகு முளைத்த குஞ்சுப் பறவை தத்தித் தத்தி உட்கார்ந்திருந்தால், வீடியோவில் பார்த்த மாதிரி அட்டைப் பெட்டியும் பஞ்சும் தேடி ஓட வேண்டாம். பறக்கப் பழகுகிற வயதில் அவை அப்படித்தான் இறங்கும், தாய்ப்பறவை பக்கத்துக் கிளையில் இருக்கும், நாம் நகர்ந்தால்தான் இரையோடு வரும். நாயோ பூனையோ பக்கத்தில் சுற்றினால் குஞ்சை அருகிலுள்ள செடிமேல் ஏற்றிவிட்டு விலகலாம். ரத்தம் வந்தாலோ சிறகு ஒடிந்து தொங்கினாலோ விலங்கு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மற்ற காட்டு உயிர் என்றால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள், அவர்கள் வரும்வரை கூட்டம் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள், போனில் படம் எடுக்கிறவர்களையும் சேர்த்து.